முதல் பஸ்ஸில் வருகிறவர்

புரட்டாசி வெயிலில் எங்கள் அய்யா காய்ந்த மண்ணில் சோளம் விதைப்பார். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. கரிசல் வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் என் முழங்கை வரை உள்ளே போகும். ஏர் முன்னே போக, பின்னால் நடந்தபடி சாலில் விதையைப் போட்டுக்கொண்டே வருவார். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை. "மழையே பெய்யலையே அய்யா, எதுக்கு இப்பவே போடுறீக?" என்று கேட்டேன்.

அய்யா நடையை நிறுத்தாமலே பதில் சொன்னார். "மழை பெஞ்ச பெறகு இந்தக் காட்டுக்குள்ள கால் வைக்க முடியுமாடா? மழை வாரப்ப வெதை உள்ள இருக்கணும். நாம அப்பத்தான் கடகப்பெட்டியைத் தேடிக்கிட்டு இருக்கக் கூடாது."

கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மண் ஈரம் பட்டால் பசை. காலில் அப்பிய மண் அடுத்த அடி எடுத்து வைக்க விடாது. மாடும் இறங்காது, ஏரும் இறங்காது. மண் மறுபடி பதத்துக்கு வரும்வரை காத்திருந்தால் வடகிழக்குப் பருவமழையில் கிடைத்த ஒரு நல்ல மழையின் ஈரத்தில் பாதி கண்முன்னால் போய்விடும். கிணறும் வாய்க்காலும் இல்லாத மானாவாரிக் காட்டில் அந்த ஈரம்தான் மூலதனம். ஆகவே விதை முன்கூட்டியே மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இந்த முன்பருவ விதைப்பைத்தான் ஆய்ந்து, விதையைக் கடினப்படுத்திப் போடும் முறையையும் சேர்த்து, உழவர்களுக்குச் சொல்லிவருகிறது.

அய்யா இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். விதை மூன்று விரற்கடை ஆழத்துக்குப் போக வேண்டும். மேலாகக் கிடந்தால் ஒரு தூறலுக்கே ஏமாந்து முளைத்துவிடும். அடுத்த மழை வருவதற்குள் கருகிப்போகும். ஆழத்தில் கிடந்தால் மண் நன்றாக நனைந்த பிறகுதான் ஈரம் அதைத் தொடும். எப்போது எழ வேண்டும் என்ற கட்டளையை விதைத்தவர் அந்த ஆழத்திலேயே எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். முளைக்கிற நேரத்தில் அவர் காட்டில் இருக்க வேண்டியதில்லை.

எனக்கு இப்போது 68 வயது. வாழ்நாளில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிக் கழித்தேன். அய்யா அன்று காட்டில் சொன்னது என் தொழிலின் அடிப்படைப் பாடம் என்று புரிய எனக்கு ஐம்பது வயது ஆயிற்று. அது புரிந்த நாளைத்தான் இங்கே எழுத வேண்டும்.

2008ஆம் ஆண்டு. ஓர் அலுவலகத்துக்காக நான் எழுதிக் கொடுத்த வலைச் செயலி அது. பொதுமக்கள் கவுன்ட்டரில் வந்து ஊர்ப் பெயரையும் எண்ணையும் சொன்னால், ஊழியர் தட்டிப் பார்த்துச் சான்றை அச்சடித்துக் கொடுப்பார். ஓடத் தொடங்கி மூன்று மாதமாகியும் புகார் எதுவும் என் காதுக்கு வரவில்லை. வேறு வேலையாக ஒருநாள் காலை அங்கே போனேன். கவுன்ட்டர் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒரு பாட்டி. மஞ்சள் பை, அதற்குள் சுருட்டிய காகிதங்கள். விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஊர் என்றார். விடியுமுன்னே கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். வரிசையில் அவர்தான் முதல் ஆள்.

கவுன்ட்டர் திறந்தது. பாட்டி விவரம் சொன்னார். ஊழியர் தட்டினார். திரை வெளுத்துப்போய் நின்றது. அரை நிமிடம் கழித்துப் பிழைச் செய்தி வந்தது. "சர்வர் வரல பாட்டி. சாயங்காலமா வாங்க" என்றார் ஊழியர்.

"சாயங்காலம் வரைக்கும் இருந்தா எங்கூருக்கு பஸ்ஸு கெடையாதுய்யா" என்றார் பாட்டி. யாரும் பதில் சொல்லவில்லை. அவர் பையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நகர்ந்தார்.

அடுத்தவர் வந்தார். நல்ல சட்டை போட்ட இளைஞர், டவுன்காரர். ஊழியர் தட்டினார். இரண்டே விநாடியில் சான்று வந்துவிட்டது. நான் எழுந்து போய் ஊழியரிடம் என்னைச் சொல்லிக்கொண்டு, பாட்டியைக் கூப்பிட்டு மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னேன். வந்தது. பாட்டி என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. தவறு செய்தவனே நான்தான்.

நடந்தது இதுதான். செயலி ஐஐஎஸ் என்ற வலைச் சேவையகத்தின் கீழ் ஓடியது. இருபது நிமிடம் யாரும் தட்டவில்லை என்றால் செயலியைத் தூங்கவைத்துவிடுவது அதன் இயல்பான அமைப்பு. இரவு முழுக்க யார் தட்டப் போகிறார்கள்? காலையில் முதல் ஆளின் தட்டலுக்குத்தான் செயலி கண் விழிக்கும். விழித்ததும் பக்கங்களைத் தொகுக்க வேண்டும், தரவுத்தளத்தோடு இணைப்பைத் திறக்க வேண்டும், ஊர்ப் பட்டியல் முழுவதையும் நினைவகத்துக்கு இழுக்க வேண்டும். எல்லாம் முடிய ஒரு நிமிடத்துக்குப் பக்கமாகிவிடும். கவுன்ட்டரில் இருந்த கணினியோ அரை நிமிடத்துக்கு மேல் பொறுக்காது. முதல் ஆள் திரும்பிப் போவார். அவருடைய காத்திருப்பில் செயலி சூடேறியிருக்கும்; இரண்டாவது ஆள் அதில் குளிர்காய்வார்.

அன்று இரவு சேவையகத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அநேகமாக எல்லா வேலைநாளிலும் முதல் வரி தோல்வி. ஏன் புகார் வரவில்லை என்பதும் அப்போது புரிந்தது. காலையில் முதலில் வருபவர் யார்? கூலியை விட்டுவிட்டு வருபவர், திரும்பிப் போக ஒரே பஸ்ஸை நம்பியிருப்பவர், கைபேசியில் விசாரிக்க ஆள் இல்லாதவர். தூரத்துக்காரர்தான் எப்போதும் முதலில் வருவார். நான் எழுதிய நிரல் மூன்று மாதம் தேடித்தேடி அவர்களையே திருப்பி அனுப்பியிருக்கிறது. அவர்கள் புகார் எழுதுகிறவர்கள் இல்லை. தலைவிதி என்று போய்விடுகிறவர்கள்.

மறுநாளே திருத்த உட்கார்ந்தேன். செயலியை ஏஎஸ்பி டாட் நெட் என்ற கட்டமைப்பில் எழுதியிருந்தேன். அதில் 'அப்ளிகேஷன் ஸ்டார்ட்' என்று ஓர் இடம் உண்டு. செயலி எழும்போது ஒரே ஒரு முறை தானாக ஓட வேண்டிய நிரலை அங்கே எழுதலாம். ஊர்ப் பட்டியல் ஏற்றுவதையும் இணைப்புத் திறப்பதையும் அங்கே மாற்றினேன். திங்கள்கிழமை காலை மறுபடி போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதே வெள்ளைத் திரை. அதே "சர்வர் வரல".

பெயரைப் பார்த்து ஏமாந்திருந்தேன். 'ஸ்டார்ட்' என்று பெயர் இருந்தாலும், அந்த இடம் இயந்திரம் எழும்போது ஓடுவதில்லை. முதல் ஆள் கதவைத் தட்டும்போதுதான் ஓடும். ஆயத்த வேலையை முன்கூட்டிச் செய்வதாக நினைத்துக்கொண்டு மறுபடியும் அதே பாட்டியின் தலையில்தான் வைத்திருந்தேன். தூங்கும் இருபது நிமிடக் கணக்கை நீக்கி, காலை எட்டு மணிக்கு இயந்திரம் தானே தன் கதவைத் தட்டிக்கொள்ளும்படி ஒரு சிறு வேலையை நேரம் குறித்து வைத்த பிறகுதான் கணக்கு நேரானது. பின்னாளில், 2012இல் வந்த ஐஐஎஸ் எட்டாம் பதிப்பில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு சேர்ந்தது; சேவையகம் எழுந்தவுடன் யாரும் தட்டாமலே செயலியையும் எழுப்பிவிடும். ஜாவா உலகத்தில் 2001இல் வந்த சர்வ்லெட் 2.3 வரையறையிலேயே 'கான்டெக்ஸ்ட் லிசனர்' என்ற ஏற்பாடு இருந்தது. செயலி எழும்போது முதலில் அதைக் கூப்பிட்டு ஆயத்தத்தை முடித்த பிறகுதான் வருகிறவர்களின் கோரிக்கைகள் உள்ளே விடப்படும். கருவி எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் ஆயத்தம் உண்மையில் எப்போது நடக்கிறது, வருகிறவருக்கு முன்பா, அவர் வந்த பிறகா?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாஸ்டர் விடியுமுன்னே பாய்லரைப் பற்றவைப்பார். டிகாக்‌ஷன் இறங்கியதும் முதல் கிளாஸ் டீயைச் சாமிக்கு என்று தரையில் ஊற்றுவார். பக்திதான். ஆனால் அந்தப் பக்தியால் நடக்கிற காரியத்தைப் பாருங்கள். பாய்லர் சரியாகக் காய்ந்ததா, சாயம் இறங்கியதா என்ற சோதனை எந்த வாடிக்கையாளர் நாக்கிலும் நடக்கவில்லை. முதல் வண்டியில் இறங்குபவரும் பதமான டீதான் குடிக்கிறார்.

கடலை மிட்டாய் போடுகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். எங்கள் கோவில்பட்டியின் பெருமை. அதன் சூட்சுமம் ருசியில் மட்டும் இல்லை, வரிசையிலும் இருக்கிறது. கடலையை வறுத்து, தோல் நீக்கி, உடைத்துத் தயாராக வைத்த பிறகுதான் வெல்லப்பாகை அடுப்பில் ஏற்றுவார்கள். பாகு பதத்துக்கு வந்துவிட்டால் யாருக்காகவும் நிற்காது. பாகைக் காய்ச்சிவிட்டுக் கடலையைத் தேடினால் கல்லாகத்தான் மிஞ்சும். செயலி எழும்போதும் அப்படித்தான். அமைப்புக் கோப்பைப் படித்து முடிக்காமல் தரவுத்தளத்தைத் திறக்க முடியாது. தரவுத்தளம் திறக்காமல் பட்டியலை ஏற்ற முடியாது. பட்டியல் ஏறாமல் கதவைத் திறக்கக் கூடாது. எது எதற்கு முந்தியது என்று தாளில் எழுதிப் பார்க்காமல் தொடங்கியவர்கள், கல்லான பாகை உடைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயத்தம் நல்லது என்று தெரிந்ததும் எனக்கு வேறொரு பைத்தியம் பிடித்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்துவிட வேண்டும் என்ற பைத்தியம். அடுத்த வேலையில், செயலி எழும்போதே பத்து வருடத்துப் பதிவுகள் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும்படி எழுதினேன். எழுந்து முடிக்க ஒன்பது நிமிடம். ஒருமுறைதானே என்று நினைத்தேன். 2012 வந்தது. அந்த வருடத்து மின்வெட்டைச் சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பாட்டரி எத்தனை நேரம் தாங்கும்? கரண்ட் வரும், செயலி எழத் தொடங்கும், ஏழாவது நிமிடத்தில் மறுபடி போகும். சில நாட்களில் அது எழுந்தே முடிக்கவில்லை. நாள் முழுக்க ஆயத்தம் செய்துகொண்டே இருந்தது, ஒருவருக்கும் உதவவில்லை.

அய்யா விதைக்கப் போகும்போது தானியக் குலுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு போகமாட்டார். அன்றைக்குப் போட வேண்டிய விதை, ஒரு கலயம் கஞ்சி, வெங்காயம், மாட்டுக்குத் தண்ணீர், அவ்வளவுதான். முதல் ஆளுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கதவு திறக்குமுன் செய்தால் போதும். பத்து வருடத்து ஏடுகளை, கேட்பவர் வரும்போது எடுத்துக்கொள்ளலாம், அல்லது கதவைத் திறந்த பிறகு பின்கட்டில் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். அப்படித் திருத்திய பிறகு அந்தச் செயலி கால் நிமிடத்தில் எழுந்தது. வாழ்க்கையிலும் இப்படி ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டு என்று ஆயத்தத்திலேயே நாற்பது வயதைத் தாண்டியவர்கள். புரட்டாசிக்கு ஒரு முடிவு உண்டு. ஐப்பசி வந்தே தீரும்.

இப்போது பெரிய நிறுவனங்களின் செயலிகளைக் கட்டி மேய்க்கும் குபர்னெட்டீஸ் என்ற ஏற்பாடு இதற்கு மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. எழுந்து முடித்தாயா? உயிரோடு இருக்கிறாயா? ஆளை அனுப்பலாமா? மூன்றும் வேறு வேறு. எழுந்துகொண்டிருப்பவனைச் செத்தவன் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப எழுப்பினால் அவன் எழவே மாட்டான். உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. "நான் இன்னும் ஆயத்தமாகவில்லை, ஆளை வேறு கவுன்ட்டருக்கு அனுப்புங்கள்" என்று சொல்லும் வழியைச் செயலிக்குக் கொடுத்துவிட்டார்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. ஆயத்தமாகாமல் கதவைத் திறந்துவைத்திருப்பதுதான் வெட்கம்.

போன வருடம் என் தம்பி மகள் போன் பண்ணினாள். அவளும் இரண்டு சிநேகிதிகளும் சேர்ந்து மிளகாய் வத்தல், மல்லி, உளுந்து விலையை உழவர்கள் கைபேசியில் பார்க்க ஒரு செயலி செய்திருக்கிறார்கள். ஜாங்கோ என்ற வலைக் கட்டமைப்பில் எழுதியது. எட்டயபுரம், நாகலாபுரம், புதூர்ப் பக்கத்துச் சம்சாரிகள் கொஞ்சம் பேர் பார்க்கிறார்கள்.

"பெரியப்பா, ஒரே அசிங்கமாப் போச்சு. இன்னைக்கு விலை வந்திருக்குன்னு எல்லாருக்கும் நாலு நாலு எஸ்எம்எஸ் போயிருக்கு. ஒரு தாத்தா போன் பண்ணி, ஏம்மா காலைக்குள்ள நாலு தடவை விலை மாறிருச்சான்னு கேக்காரு."

"செய்தி அனுப்புறதை எங்க எழுதிருக்க தாயி?"

"ரெடின்னு ஒண்ணு இருக்குல்ல, ஆப் எழும்புறப்ப ஓடுமே, அதுக்குள்ள."

"எத்தனை வொர்க்கர் ஓடுது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நாலு" என்றாள். அவளுக்கே புரிந்துவிட்டது.

ஜாங்கோவின் 1.7 பதிப்பில், 2014இல் வந்த ஏற்பாடு அந்த 'ரெடி'. செயலி எழும்போது ஓடும். ஆனால் ஒரே செயலியை நான்கு வொர்க்கர்கள், அதாவது நான்கு வேலையாட்கள், சுமந்தால் நான்கு பேரும் தனித்தனியே எழுவார்கள். நான்கு பேருக்கும் அது ஓடும். எழுதிப் பார்க்கிற கணினியிலேயே, மாற்றத்தைக் கவனித்துத் தானாக மறுபடி ஏற்றும் வசதி இருந்தால் இரண்டு முறை ஓடும். தரவுத்தளத்தை அங்கே தொடாதீர்கள் என்று அதை உருவாக்கியவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவளுக்குப் பொன்னேர் கதையைச் சொன்னேன். சித்திரை பிறந்ததும் எங்கள் ஊரில் பொன்னேர் பூட்டுவார்கள். வருடத்தின் முதல் உழவு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் மாட்டைக் குளிப்பாட்டித் தன் கலப்பையைத் தான்தான் கொண்டுவர வேண்டும். அதை ஒருவர் மற்றவருக்காகச் செய்ய முடியாது. ஆனால் பூசை ஊருக்கு ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு பூசை என்று யாரும் தனியே தேங்காய் உடைப்பதில்லை. செயலி எழும்போது செய்கிற வேலைகளையும் இப்படிப் பிரிக்க வேண்டும். இணைப்பைத் திறப்பது, பட்டியலை ஏற்றுவது எல்லாம் அவரவர் கலப்பை. ஒவ்வொரு வேலையாளும் செய்தாக வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்புவது, கணக்கை அடுத்த வருடத்துக்கு மாற்றுவது எல்லாம் ஊர்ப் பூசை, ஒரு முறைதான். அதை எழும் நேரத்திலிருந்து எடுத்துவிட்டு, குறித்த நேரத்தில் தனியே ஓடும்படி வைக்க வேண்டும். செய்யுமுன் "இன்றைய செய்தி போய்விட்டதா" என்று பொதுப் பதிவேட்டைப் பார்த்து, இல்லையென்றால் முதலில் கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் செய்ய வேண்டும். கரண்ட் போய்ப் பத்து முறை எழுந்தாலும் பலன் ஒரு முறை செய்ததாகவே இருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைக்குப் புத்தி சொல்வதும் அப்படித்தான். அப்பா, அம்மா, மாமா, அத்தை என்று நான்கு பேரும் ஒரே நாளில் சொன்னால் அது புத்தியாக இருக்காது.

மண்ணுக்குள் நாம் போட்டது மட்டும்தான் முளைக்கும் என்று நினைத்தால் தவறு. போன வருடம் உதிர்ந்த விதையும் அதே மழைக்கு எழும். இதை உலகமே பார்த்த நாள் ஒன்று உண்டு. 2012 ஆகஸ்ட் 1. அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வணிக நிறுவனம் அதற்குச் சில நாள் முன்பிருந்தே தன் எட்டுச் சேவையகங்களில் புதிய நிரலை ஏற்ற முனைந்திருந்தது. ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விடுபட்டுப்போனது. அந்த எட்டாவதில், 2003இலேயே பயன்பாட்டை நிறுத்தியிருந்த 'பவர் பெக்' என்ற பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. அதை எழுப்பும் பழைய அடையாளக் குறியையே புதிய நிரலுக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். காலை 9.30க்குச் சந்தை திறந்தது. முதல் மழை விழுந்தது. ஒன்பது வருடமாகப் புதைந்துகிடந்தது முளைத்துவிட்டது. தானாகவே வாங்கி விற்று, வாங்கி விற்று, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைய வேண்டியதாயிற்று.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொரு விவரம். சந்தை திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்தே அந்த இயந்திரம் பிழையைச் சொல்லி 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருக்கிறது. எச்சரிக்கை என்று நினைத்துப் படிக்க யாரும் இல்லை. மாடு நொண்டுகிறது என்றால் அது வாசலிலேயே தெரிந்துவிட வேண்டும். நடுக்காட்டில் தெரிந்து பயனில்லை. எழும்போதே சரிபார், குறை இருந்தால் எழாதே, எழாத காரணத்தைக் கேட்கிற ஆளின் காதில் விழும்படி சொல் என்று நான் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அரைகுறையாக எழுந்து, எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டு நிற்கும் செயலியைவிட, "கடவுச்சொல் இல்லை, எழ மாட்டேன்" என்று வாசலிலேயே படுத்துக்கொள்ளும் செயலி நூறு மடங்கு யோக்கியமானது. அதைவிட முக்கியம், கோடையிலேயே காட்டைக் கிளறிப் பழைய வேரையும் விதையையும் வெயிலில் காயப்போடுவது. கோடை உழவு என்று ஒன்றை நம் முன்னோர் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். தேவையில்லாத நிரலை 'கிடந்துவிட்டுப் போகட்டும்' என்று விடாதீர்கள். மனத்தில் கிடக்கும் பழைய கோபத்துக்கும் இதே விதிதான். எந்த மழைக்கு எழும் என்று உங்களுக்குத் தெரியாது.

இவ்வளவும் கம்ப்யூட்டர்காரர்களுக்கு என்று மற்றவர்கள் புரட்டிவிட வேண்டாம். நீங்கள் ஆசிரியராக இருக்கலாம்; பள்ளி திறக்கும் முதல் நாளில், யாரும் கொண்டுவந்து விடாமல் தானாக நடந்துவந்து முதலில் நிற்கும் பிள்ளை யார் என்று பாருங்கள். நீங்கள் மருத்துவமனையில் இருக்கலாம். டோக்கன் கொடுக்குமுன்னே திண்ணையில் படுத்திருப்பவர் எந்த ஊர் என்று கேளுங்கள். நீங்கள் வங்கியில் இருக்கலாம்; ஷட்டர் தூக்கும்போது வெளியே நிற்பது யாருடைய கால் என்று குனிந்து பாருங்கள். எல்லா இடத்திலும் அது தூரத்துக்காரரின் காலாகத்தான் இருக்கும். சாவியைத் தேடுவது, முத்திரையைத் தேடுவது, மெஷினைச் சூடேற்றுவது என்று நாம் முன்னாலேயே முடித்திருக்க வேண்டிய வேலையை அவர் வந்த பிறகு செய்தால், அதன் விலையை அவர் தன் ஒரு நாள் கூலியிலிருந்து கொடுக்கிறார். நம்மிடம் சொல்லாமல் கொடுக்கிறார்.

தம்பி மகளின் செயலி ஓடும் இடமும் சும்மா கிடந்தால் தூங்கிவிடுகிற இடம்தான். விடிய நாலரை மணிக்கு அது தானே எழுந்து, விலைப் பட்டியலை ஏற்றி, எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை தானே திறந்து பார்த்து, எல்லாம் சரியென்றால் "ஆயத்தம்" என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதும்படி இருவரும் சேர்ந்து செய்தோம். அந்த வரி வராவிட்டால் அவள் கைபேசி அலறும். முதல் வாரம் இரண்டு நாள் அலறியது, எழுந்து சரிசெய்தாள்.

இந்தப் புரட்டாசியில் ஒருநாள் காலை அவள் போன் வந்தது.

"பெரியப்பா, இன்னைக்கு அஞ்சு மணிக்கு முந்தியே யாரோ ஒருத்தர் மிளகா வத்தல் விலை பாத்திருக்காரு. ஒரு செகண்டு கூட ஆகல, பக்கம் வந்துருச்சு."

"யாரு?"

"தெரியல. ஏதோ சாதா போனு. பாத்துட்டு உடனே மூடிட்டாரு. மூட்டையை ஏத்துறதா வேண்டாமான்னு பாத்திருப்பாரோ என்னமோ."

"நாலரைக்கு அந்த வரி வந்துச்சா தாயி?"

"வந்துச்சு பெரியப்பா."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. எதிர்க்காட்டில் விதைப்பு முடிந்து, சால்கள் மூடிக் கிடந்தன.